சுகந்தி மார்க் கூந்தல்

உதயரூபன் தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். எண்ணெய் கருகவில்லை. வேறு என்னவோ கருகுகிறது.

அகப்பையும் கையுமாக எண்ணெய் காய்ச்சும் கொட்டிலிலிருந்து வீட்டுக்குள் ஓடினான். அறைக் கண்ணாடிக்கு முன்னால் அவனுடைய மனைவி சுகந்தினி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் நீளமான இடுக்கி போல ஒரு சாமான். இடுக்கியின் வாய்க்குள் அவளுடைய கூந்தலில் ஒரு கற்றை. கற்றையிலிருந்து மெல்லிய புகை.

“என்ன புள்ள இது?”

“ஸ்ட்ரெய்ட்னர். முடியை நேராக்கிற அயன்.”

“உன்ட முடி இப்ப என்ன கோணலாவா கிடக்கு?”

“நுனியில கொஞ்சம் சுருளுதே. நேரா இழுத்து விட்டா இன்னும் ஒரு சாண் நீளமாத் தெரியுமாம். உங்கட எண்ணெய்க்கும் நல்லந்தானே?”

அந்தக் கடைசி வார்த்தையில் நியாயம் இருந்தது. ஏனென்றால் சுகந்தினியின் கூந்தலும் அவனுடைய எண்ணெயும் ஒரே பிழைப்பு.

‘சுகந்தி மார்க் கூந்தல் எண்ணெய்’ என்றால் ஆரையம்பதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போத்தலில் ஒட்டியிருக்கும் லேபிளில் ஒரு பெண் திரும்பி நிற்பாள். முழங்கால் வரைக்கும் கருகருவென்று கூந்தல் தொங்கும். அது சுகந்தினிதான். முகம் கிடையாது, படத்தில் முகத்துக்கு இடம் போதவில்லை. காத்தான்குடிச் சந்தையில் அவள் எதிரே நடந்து வந்தால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கடந்து போன பிறகுதான், “ஆ, எண்ணெய்க்கார அக்கா போறா!” என்பார்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்த உதயரூபன், இந்த எண்ணெயை நம்பித்தான் வேலையை விட்டான். இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒரு நல்ல காலம் வாசல்வரை வந்திருந்தது. எண்ணெயை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போடும் காத்தான்குடி மின்ஹாஜ் போன கிழமை போன் எடுத்தான்.

“மச்சான், கொழும்பில பெரிய கடைக்காரங்களுக்குச் சாமான் எடுக்கிற மிஸ் ஒராள் சனிக்கிழமை வாறாவு. நம்மட எண்ணெயை எல்லாக் கிளையிலயும் வைக்கலாமா எண்டு பாக்கப் போறாவாம். அவ கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.”

“என்ன, கலப்படமா எண்டா?”

“இல்ல மச்சான். லேபிள்ல இரிக்கிற பொம்புள உசிரோட இரிக்காவா எண்டு.”

“என்னடா கதை இது!”

“எல்லாரும் இன்டர்நெட்டில கிடக்கிற படத்தை எடுத்து ஒட்டித்து எண்ணெய் விக்கிறாங்களாம். ஆளையும் முடியையும் கண்ணால காட்டினாத்தான் பேச்சு எண்டு அவ சொல்லித்தாவு. தங்கச்சியைத் தயாரா வெச்சிக்க.”

அந்த ஓடர் கிடைத்தால் கொட்டில் தொழிற்சாலை ஆகும். கிடைக்காவிட்டால் மறுபடியும் சங்கத்து மனேஜருக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். இப்படி எல்லாமே ஒரு கூந்தலில் தொங்கிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, அந்தக் கூந்தலில் புகை வந்தால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

“சனிக்கிழமை வரைக்கும் அதைத் தொடாத, புள்ள,” என்றான்.

“சனிக்கிழமைக்காகத்தானே இப்ப இருந்தே பழக்கிறன்,” என்றாள் சுகந்தினி, அடுத்த கற்றையை எடுத்தபடி.

அன்று பின்னேரம் அவள் கிணற்றடிக்குப் போன சமயம், உதயரூபன் அயனை எடுத்து வெற்றுப் போத்தல் பெட்டிக்குள் ஒளித்து, மேலே சாக்கையும் போட்டு மூடினான். இரவு நன்றாகத் தூங்கினான்.

காலையில் அதே மணம் அவனை எழுப்பியது. முந்திய நாளைவிடக் கடுமையாக.

ஓடிப் போய்ப் பார்த்தான். சுகந்தினி மேசைக்குப் பக்கத்தில் மண்டியிட்டுத் தலையை மேசைமேல் சாய்த்து வைத்திருந்தாள். கூந்தல் மேசை முழுக்க விரிந்து கிடந்தது. அதன்மேல் அவள் சட்டை மினுக்கும் அயனை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தாள்.

“அடியேய்! என்ன வேலை பாக்கிற?”

“அந்த அயனைக் காணல்ல. அதான் இதால இழுக்கிறன். முதல்ல பட்டுத்துணி அளவில வெச்சன், சுருள் போகல்ல. இப்ப கொட்டன் துணிக்குரிய சூட்டில வெச்சிருக்கன்.”

“கொட்டனிலயா!”

“நல்லாத்தான் மடியாம நிக்குது, பாருங்களன்.”

உதயரூபன் பார்த்தான். காதுக்குக் கீழே ஒரு கையகலத்துக்கு முடி பொன்னிறமாக மாறி, விறைத்துக்கொண்டு நின்றது. தென்னந்தும்புக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அவன் பிளக்கைப் பிடுங்கினான். கொட்டிலுக்கு ஓடினான். சாக்கைத் தூக்கி எறிந்து, போத்தல் பெட்டிக்குள் கைவிட்டு, தானே ஒளித்த அயனைத் தானே எடுத்து வந்து நீட்டினான்.

“இந்தா. செய்யிறதெண்டா இதுல செய். சட்டை அயனைத் தொட்டா எனக்குக் கெட்ட கோபம் வரும்.”

“ஐயோ, இது எங்க கிடந்தது?”

“கண்டெடுத்தன்.”

“நான் தேடாத இடமில்ல,” என்று சொல்லிச் சுகந்தினி அதன் வயரைச் சுவரில் செருகினாள்.

உதயரூபன் கொட்டிலில் குந்தி யோசித்தான். நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டாள். ஒளித்தால் அதைவிடப் பெரிய சாமானை எடுக்கிறாள். ஆகவே சூட்டைத் தடுக்க முடியாது. சூட்டிலிருந்து முடியைக் காப்பாற்றத்தான் வழி தேட வேண்டும். அப்போது அவனுடைய பார்வை தாச்சியில் விழுந்தது. எண்ணெய் விடாமல் தாச்சியில் எதைப் போட்டாலும் அடிப்பிடித்துக் கருகும். எண்ணெய் விட்டால் கருகாது. இது எண்ணெய்க்காரனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

ஒரு முழுப் போத்தலோடு அறைக்குள் போனான்.

“சுகந்தி, நீ பிழை விட்டது எங்க எண்டு கண்டுபிடிச்சிட்டன். வெறும் முடியில அயன் போடுற. அதான் கருகுது. நம்மட எண்ணெயைத் தாராளமாப் பூசிப்போட்டுப் பொறகு போடு.”

சுகந்தினி ஒரு கணம் அவனைப் பார்த்தாள். “நிச்சயமாவா சொல்றீங்க?”

“எண்ணெய் வேலை என்ட வேலை. நீ தலையைக் குடு.”

அவனே பூசினான். கஞ்சத்தனம் பார்க்காமல் பூசினான். கூந்தலின் நுனியிலிருந்து தரையில் சொட்டச் சொட்டப் பூசினான். பிறகு அவனே அயனை வாங்கி, ஒரு தடித்த கற்றையைக் கவ்விப் பிடித்து அழுத்தினான்.

‘சிர்ர்ர்ர்’ என்றது.

ஆரையம்பதியில் மீன் பொரியாத வீடு இல்லை. அந்தச் சத்தத்தை அடையாளம் தெரியாதவர்களும் இல்லை. அடுத்த வளவு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“உதயன், என்ன பொரியிறீங்க? கீரிமீனா?”

“ஒண்ணுமில்ல மச்சாள்!”

“ஒண்ணுமில்லாம இவ்வளவு புகையா? ரெண்டு துண்டு இஞ்சாலயும் அனுப்புங்களன்.”

உதயரூபன் அயனைத் திறந்தான். கற்றை கீழே விழவில்லை, சுருண்டு மேலே போய் அங்கேயே நின்றது. தொட்டான். நொறுங்கியது.

“நேராகிட்டா?” என்று கேட்டாள் சுகந்தினி. அவளுக்குப் பின்பக்கம் தெரியாது.

“ஆகுது, ஆகுது. நீ திரும்பாத.”

அவனுக்கு வியர்த்தது. ஆனால் உதயரூபன் லேசில் மனம் விடுகிற ஆளில்லை. கருகின முடிக்குச் சத்துக் கொடுத்தால் சரியாகும் என்று யாரோ சொல்லுகிற வீடியோ ஒன்றைப் போனில் பார்த்திருந்தான். வெள்ளிக்கிழமை காலை வெந்தயம், செவ்வரத்தம்பூ, கற்றாழை எல்லாவற்றையும் அரைத்து, வளவுக் கோழி இட்ட முட்டைகளையும் உடைத்துவிட்டு, பாணிப் பதத்தில் ஒரு கலவை செய்து அவளுடைய தலை முழுக்க அப்பினான். சுகந்தினி மர வாங்கில் உட்கார்ந்து தலையைக் குனிந்து காட்டினாள். இப்படிப் பொறுமையான பெண்சாதி வாய்த்தது தன் பாக்கியம் என்று உதயரூபன் நினைத்தான்.

“எவ்வளவு நேரம் ஊற விடணும்?”

“காயட்டும். பொறகு நானே அலசி விடுறன்.”

அலசும்போதுதான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. முந்திய நாள் பூசிய எண்ணெய் இன்னும் முடியில் பிசுக்குப் பிடித்துக் கிடந்தது. பச்சைத் தண்ணீருக்கு அது அசையவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க வெந்நீரைவிட்டால் வேறு வழியில்லை என்பதும் எண்ணெய்க்காரனுக்குத் தெரிந்த விசயம்தானே? அவன் ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்தான். அவளுடைய தலைத்தோலில் படாமல், கவனமாக, தோளுக்குக் கீழே தொங்கிய கூந்தலை மட்டும் அதற்குள் அமிழ்த்தினான்.

முட்டை வெந்தது.

கொஞ்சங் கொஞ்சமாக அல்ல, ஒரேயடியாக வெந்தது. கூந்தல் முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டது. நடுவில் செவ்வரத்தம்பூத் துணுக்குகள் வேறு. அதைச் சீப்பால் சீவி எடுக்கப் பார்த்தான். முட்டையோடு முடியும் வந்தது. இன்னும் அழுத்திச் சீவினான். சீப்பின் பல்லும் இரண்டு போனது.

வேலிக்கு மேலால் மச்சாளின் குரல் வந்தது. “இண்டைக்கு முட்டைப் பொரியலா, உதயன்?”

உதயரூபன் சீப்பைக் கீழே போட்டான். வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தான். “நான் கெட்டன் புள்ள. நாளைக்குச் சனிக்கிழமை.”

சுகந்தினி அவனுடைய கையைத் தொட்டாள். “மனசை விடாதீங்க. டவுனில ஜிலியன் எண்டு ஒராள் சலூன் வெச்சிருக்காவாம். முடி வேலையில கெட்டிக்காரியாம். ஒருக்காக் காட்டிப் பாப்பமா?”

“காட்டினா சரியாகுமா?”

“ஆர் கண்டது? நீங்க கூட்டிக்கொண்டு போனா வாறன்.”

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் உதயரூபன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பினான். சுகந்தினி தலையைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். காத்தான்குடி ஈச்சமரங்களைத் தாண்டி, கல்லடிப் பாலத்தைத் தாண்டி, சலூன் வாசலில் போய் நின்றபோது ஜிலியன் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். பறங்கிப் பெண், வாயில் எப்போதும் ஒரு கிளிப்பைக் கவ்விக்கொண்டு பேசுபவள்.

“ஆம்புளையள் உள்ள வாறதில்ல அண்ணன்.”

“தங்கச்சி, எனக்கு உசிர் போற காரியம்.”

ஜிலியன் அவனுடைய முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, கதவடியில் ஒரு ஸ்டூலைப் போட்டாள். “சுவரைப் பாத்துக்கொண்டு இருங்க.” பிறகு சுகந்தினியைக் கதிரையில் இருத்தித் துவாயை அவிழ்த்தாள்.

கிளிப் வாயிலிருந்து விழுந்தது.

“ஜீசஸ்! அண்ணன், இது என்ன? முட்டையா?”

“ஓம்.”

“இது?”

“பொரிஞ்சது.”

“இந்த மஞ்சள் நிறம்?”

“சட்டை அயன். கொட்டன்.”

ஜிலியன் ஒரு கற்றையைத் தூக்கி விரலால் உருட்டினாள். அது தூளாகி விழுந்தது. “கருகின முடிக்கு வைத்தியமில்ல அண்ணன். எந்த எண்ணெய் பூசினாலும் செத்த முடி உசிர்க்காது. வேரில இருந்து வாறது நல்லா இருக்கு. மத்ததை வெட்டத்தான் வேணும்.”

“எந்த அளவுக்கு?”

ஜிலியன் சுகந்தினியின் தோளுக்கு மேலே, காதுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்தாள்.

உதயரூபனுக்கு ஸ்டூல் ஆடியது. “கொஞ்சம் கீழ இறக்கேலாதா? இடுப்பளவுக்காவது?”

“இடுப்பளவுக்கு முட்டைதான் கிடக்கு.”

அந்த நேரம் பார்த்து அவனுடைய போன் அடித்தது. மின்ஹாஜ்.

“மச்சான், மிஸ் ரயிலால இறங்கித்தாவு. நாங்க டவுனுக்கதான் நிக்கிறம். கடையில ஒரு சாயத்தண்ணி குடிச்சித்து உங்கட வீட்ட வாறம். தங்கச்சி ரெடிதானே?”

“ரெடி, ரெடி,” என்றான் உதயரூபன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

“என்ன அண்ணன், வெட்டவா?” ஜிலியன் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றாள். “நீங்க உங்கட வாயால சொன்னாத்தான் வெட்டுவன். பொறகு வந்து என்ட கடையில நிண்டு கத்தப்படாது.”

“அவளைக் கேளன்.”

“அவவைக் கேக்கல்ல. உங்களைக் கேக்கிறன்.”

சுகந்தினி குனிந்த தலை நிமிராமல், “உங்கட விருப்பம்,” என்றாள்.

முட்டை மணம் அறை முழுக்க வீசியது. உதயரூபன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

“வெட்டுங்க.”

“கேக்கல்ல அண்ணன்.”

“வெட்டுங்க எண்டு சொல்றன்! முழுக்க வெட்டுங்க!”

ஜிலியன் முதலில் கூந்தலை அப்படியே ஒரு பின்னலாகப் பின்னினாள், முட்டையோடு சேர்த்து. பிறகு கத்தரிக்கோல் பேசத் தொடங்கியது. கழுத்தைச் சுற்றிப் போர்த்தியிருந்த துணிக்குள்ளே சுகந்தினியின் தோள்கள் குலுங்கின. ஓரக்கண்ணால் கண்ணாடியில் அதைக் கண்ட உதயரூபனுக்கு நெஞ்சு வெடித்தது. பாவம், அழுகிறாள். இத்தனை வருடம் பாம்பைப் போல நீளமாக வளர்த்த கூந்தல்!

“அழாத புள்ள. வளரும்,” என்றான் சுவரிடம்.

“ம்,” என்று துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

பின்னல் தொப்பென்று மேசையில் விழுந்தது. அதே நேரம் கதவு திறந்தது.

“இஞ்சதான் நிக்கிறான் மிஸ்!” மின்ஹாஜின் குரல். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் பெட்டியில் சுகந்தி மார்க் லேபிள் பெரிதாக ஒட்டியிருந்ததை உதயரூபன் மறந்திருந்தான். “டேய், ரெடி எண்டு சொன்னியே? நீ என்ன பொம்புளையள்ர சலூனுக்க சுவரைப் பாத்துக்கொண்டு இரிக்கிற?”

மின்ஹாஜ் வெளியிலேயே நின்றுகொண்டான். கண்ணாடி போட்ட மெலிந்த பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். கதிரையில் இருந்தவளைப் பார்த்தாள். கையிலிருந்த போத்தலின் லேபிளைப் பார்த்தாள். மறுபடியும் கதிரையைப் பார்த்தாள்.

“இவங்கதானா அவங்க?”

உதயரூபன் எழுந்து நின்றான். இனி மறைக்க ஒன்றுமில்லை. “ஓம் மிஸ். இவதான். முடி அந்தா, மேசையில கிடக்கு. எல்லாம் என்ட பிழை. நான்தான் பொரிச்சன். நான்தான் அவிச்சன். எண்ணெயில ஒரு பிழையும் இல்ல மிஸ். நாங்க போயித்து வாறம்.”

அந்த மிஸ் போத்தலைக் கைப்பைக்குள் போட்டாள். மேசைக்குப் போய்ப் பின்னலைத் தூக்கினாள். முழங்கால் நீளம். எடையைக் கையில் போட்டுப் பார்த்தாள். வெட்டின பக்கத்தைச் சுகந்தினியின் கழுத்தடி முடியோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோலக் கருகருவென்று மினுங்கின. பிறகு இரண்டு கையாலும் பிடித்துப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள்.

“உண்மையான முடிதான்,” என்றாள்.

“வேற என்ன மிஸ்?”

“போன மாதம் ஒரு எண்ணெய்க்காரர் இப்படித்தான் ஒரு அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினார். நீளமான முடி. பிடித்து இழுத்துப் பார்க்கவா முடியும்? நாங்கள் நம்பினோம். பிறகு பார்த்தால் சவுரி. எனக்கு ஓபிசில் நல்ல ஏச்சு.” அவள் பின்னலை மேசையில் வைத்துக் கையைத் துடைத்தாள். “எனக்காக வெட்டியே காட்டுவீங்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு தூரம் யாரும் செய்ததில்லை.”

உதயரூபன் வாயைத் திறந்தான். வாசலில் நின்ற மின்ஹாஜ் முந்திக்கொண்டான். “நம்மட ஆள் அப்பிடித்தான் மிஸ். சொன்னாச் செய்வான்.”

“முதலில் மட்டக்களப்பு, அம்பாறை, திருகோணமலைக் கிளைகளில் வைத்துப் பார்ப்போம். ஒரே ஒரு நிபந்தனை. இந்த லேபிள் வேண்டாம்.”

“முடி இல்லைத்தானே மிஸ்,” என்றான் உதயரூபன் வருத்தமாக.

“அதற்காக இல்லை. முதுகைக் காட்டினால் சவுரியா முடியா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இவங்க இப்படியே, இந்த முடியோட, முன்னால திரும்பி நிற்கட்டும். முகம் தெரியட்டும்.” அவள் சுகந்தினியின் கதிரையைக் கண்ணாடிப் பக்கமிருந்து தன் பக்கம் சுழற்றினாள். “நல்ல முகம். இத்தனை நாள் ஏன் ஒளித்து வைத்தீங்கள்?”

உதயரூபனும் அப்போதுதான் பார்த்தான். காதுக்குக் கீழே வெட்டி நின்ற முடி சுகந்தினியின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு ஆடியது. கழுத்து என்று அவளுக்கு ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. கலியாணம் கட்டின புதிதில் வாவிக்கரையில் ஐஸ்கிரீம் குடித்தபோது சிரித்த அதே சிரிப்போடு அவள் அவனைப் பார்த்தாள்.

“எப்பிடி இருக்கு?”

“நல்...லாத்தான் இருக்கு புள்ள,” என்றான் உதயரூபன். சொன்ன பிறகுதான், உண்மையாகவே நன்றாக இருக்கிறது என்று அவனுக்கு விளங்கியது. “வடிவா இருக்கு!”

மிஸ்ஸும் மின்ஹாஜும் கடைகளைப் பார்க்கப் புறப்பட்டார்கள். சுகந்தினி எழுந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். உதயரூபனுக்கு மனம் பஞ்சாகிவிட்டது. ஓடர் கிடைத்தது. மனைவிக்கு முகம் கிடைத்தது. இனி யார்மீதும் அவனுக்குக் கோபமில்லை, ஒன்றைத் தவிர.

“எல்லாத்துக்கும் காரணம் அந்த நாசமாப்போன அயன்தான்,” என்றான். “வீட்ட போன கையோட அதை எடுத்துவந்து, கல்லடிப் பாலத்தில நிண்டு ஆத்துக்குள்ள வீசுறன்.”

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஜிலியன் விளக்குமாறை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“ஐயோ அண்ணன், வீசிப்போடாதீங்க, அது என்ட அயன், தேற்றாத்தீவில ஒரு அக்கா அதுக்குக் காத்துக்கொண்டு நிக்கிறா, அவவுட அவரும் முடியை வெட்ட விடுறாரில்லையாம்!”